ஆளில்லாத டெல்லி

லோதி ரோடு மேற்கே ஒரு கல்லறையில் தொடங்கிக் கிழக்கே இன்னொரு கல்லறைக்குப் பக்கத்தில் முடிகிறது. மேற்கு முனையில், ஜோர் பாக் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், 1754இல் கட்டப்பட்ட சஃப்தர்ஜங் கல்லறை. கிழக்கு முனையில் மதுரா ரோட்டு ரவுண்டானாவின் நடுவே நீல ஓடு பதித்த சப்ஸ் புர்ஜ். அதைத் தாண்டினால் ஹுமாயூன் கல்லறை. இடையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அதற்குள் லோதி கார்டன், இந்தியா ஹாபிடாட் சென்டர், வானிலைத் துறையின் தலைமையகம், வியாழக்கிழமைதோறும் வரிசை நீளும் சாயிபாபா கோயில். பக்கத்து லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. டெல்லித் தமிழர்களில் பலருக்கு இந்தச் சாலை அன்றாடம்.

1860களில் இந்தச் சாலை கிடையாது. புதுடெல்லி என்ற நகரமே கிடையாது. ஷாஜஹானாபாத்தின் மதிலைத் தாண்டித் தெற்கே வந்தால் வயல், முட்புதர், சிறு கிராமங்கள், அவற்றுக்கு நடுவே முந்தைய அரசுகள் விட்டுப்போன இடிபாடுகள். அந்த வெளியில் பெரிய மரக் கேமரா ஒன்று வந்து நின்றது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி அதன் பின்னால் நின்றவர் சாமுவேல் போர்ன். வயது முப்பதை ஒட்டி. சில வருடங்களுக்கு முன்புவரை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் வங்கி ஊழியர்.

1834இல் பிறந்த போர்ன், வங்கி வேலையை உதறிவிட்டு 1863 தொடக்கத்தில் கல்கத்தாவில் கப்பல் இறங்கினார். பிறகு சிம்லா. வில்லியம் ஹோவர்டு என்பவரோடு முதலில் கூட்டு. அப்புறம் சார்லஸ் ஷெப்பர்டு சேர்ந்தார். ஹோவர்டு விலகியதும் கம்பெனிக்கு 'போர்ன் அண்ட் ஷெப்பர்டு' என்ற பெயர் நிலைத்தது. போர்ன் ஊர் ஊராகப் போய்ப் படமெடுப்பார். ஷெப்பர்டு பிரிண்ட் போடுவதில் கெட்டிக்காரர். 1870இன் கடைசியில் இங்கிலாந்துக்கே திரும்பிப் பஞ்சாலைத் தொழிலில் இறங்கும்வரை, சுமார் ஏழு வருடத்தில் போர்ன் எடுத்தவை 2,000 படங்களுக்கு மேல். இமயமலை, காஷ்மீர், காசி, ஆக்ரா, லக்னோ, டெல்லி என்று போய், 1869 வாக்கில் மெட்ராஸ், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ஊட்டி வரை அவர் கேமரா வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியா என்றவுடன் இன்று புத்தகங்களிலும் மியூசியங்களிலும் நம் கண்ணில் படும் பழுப்பு நிறக் காட்சிகளில் பல இவரும் இவரைப் போன்ற நாலைந்து பேரும் எடுத்தவைதான்.

ஒரு படம் எடுப்பது அன்று எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரத் தகடு முறைதான் போர்ன் பயன்படுத்தியது. 12 அங்குலத்துக்கு 10 அங்குலம் கண்ணாடித் தகடு ஒன்றைத் தூசு இல்லாமல் துடைக்க வேண்டும். வெடிப்பஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்துச் செய்த கொலோடியன் என்ற பிசின் திரவத்தை அதன்மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் சமமாக ஓடும்படி கையிலேயே சாய்க்க வேண்டும். பிறகு இருட்டுக் கூடாரத்துக்குள் போய் அதைச் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்க வேண்டும். வெளிச்சத்தைப் பதிவுசெய்யும் சக்தி தகட்டுக்கு அப்போதுதான் வருகிறது. அது ஈரமாக இருக்கும்வரைதான் அந்தச் சக்தி. எடுத்த கையோடு கேமராவில் பொருத்தி, லென்ஸ் மூடியைக் கழற்றி, சில விநாடியோ சில நிமிடமோ காத்திருந்து, மூடி, திரும்பக் கூடாரத்துக்கு ஓடி, காய்வதற்குள் டெவலப் செய்து கழுவ வேண்டும். மொத்தமும் சில நிமிடங்களுக்குள்.

டெல்லி வெயிலில் ஈதர் ஆவியாகப் பறக்கும். தூசிக் காற்றில் ஒரு துகள் ஒட்டினாலும் பிரிண்டில் கறை தெரியும். கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீர் குடம் குடமாக வேண்டும். படத்தைப் பெரிதாக்கும் வசதி அன்று நடைமுறையில் இல்லை; நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அந்த அளவுதான். அதனால் பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடி, பெரிய கேமரா, பெரிய கூடாரம். போர்னின் இருட்டுக் கூடாரம் குடை மாதிரி விரித்து மடக்கக்கூடியது, பத்தடி உயரம். பிரிண்ட் போட முட்டை வெள்ளைக் கரு தடவிய காகிதம். அதை நெகட்டிவோடு சேர்த்து இறுக்கி வெயிலில் வைத்தால் படம் தானே எழும்பும்.

இந்த முறைக்கு நீல நிறம் மட்டும் அளவுக்கு மீறி உறைக்கும். ஆகவே ஹுமாயூன் கல்லறையின் குவிமாடத்துக்கு மேலே டெல்லி வானம் பெரும்பாலும் வெறும் வெள்ளை. மூடி திறந்திருக்கும் நேரத்தில் அசைந்தவர்கள் படத்தில் பதிய மாட்டார்கள், அல்லது புகை போல் கலைந்திருப்பார்கள். அந்தக் காலத்துப் படங்களில் ஊர் வெறிச்சோடிக் கிடப்பதற்குப் பாதிக் காரணம் இது.

மீதிப் பாதிக்குக் காரணம் கெமிஸ்ட்ரி இல்லை.

போர்னின் டெல்லிப் படங்களை நிதானமாகப் பார்த்தால் புரியும். கட்டடம் நடுவே அல்லது சற்றே ஓரமாக, முழு உருவத்தோடு நிற்கும். முன்னால் செடி, மரம், உடைந்த சுவர் என்று ஏதாவது ஒன்று கண்ணை உள்ளே அழைத்துப் போகும். ஆள் இருந்தால் ஒருவர், இருவர். அவர்களும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டுவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். அசையாமல் நிற்கச் சொன்னால் பத்துப் பேரும் நின்றிருப்பார்கள், அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தில் இயற்கைக் காட்சி ஓவியர்கள் வகுத்து வைத்திருந்த ஓர் அழகிலக்கணம் போர்னின் மனத்தில் ஊறியிருந்தது: ஏரி, பாலம், பாசி பிடித்த இடிபாடு, தூரத்தில் மலை. சிம்லாவைச் சுற்றிய மலைகளில் ஏரியும் ஆறும் சரியாக அமையவில்லை என்று அவர் எழுத்திலேயே குறைபட்டுக்கொண்டவர். இமயமலையிடமே குற்றம் கண்டுபிடித்த மனிதர்! டெல்லி இடிபாடுகள் அந்த இலக்கணத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தின.

வாங்குபவர்கள் யார் என்பதும் இதில் உண்டு. போர்ன் அண்ட் ஷெப்பர்டு தங்கள் படங்களுக்கு நம்பர் போட்டுக் கேட்டலாக் அச்சிட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார அதிகாரிகள், ராணுவத்தினர், அவர்கள் வீட்டுப் பெண்கள், பயணிகள். ஊருக்குத் திரும்பும்போது ஆல்பமாகக் கட்டிக் கொண்டுபோவார்கள். அவர்களுக்கு டெல்லி வெறும் பழைய நகரம் மட்டுமாக இருக்கவில்லை. 1857 செப்டம்பரில் கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து பிடிபட்டது இதே ஹுமாயூன் கல்லறையில். மறுநாள் அவருடைய மகன்கள் இருவரையும் பேரன் ஒருவரையும் ஹட்சன் என்ற அதிகாரி வழியிலேயே சுட்டுக் கொன்றார். அந்த வருடச் சிப்பாய்க் கலகம் நடந்த இடங்களைச் சுற்றிப் பார்ப்பது அதற்கடுத்த வருடங்களில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு யாத்திரையாகவே ஆகியிருந்தது. கான்பூர் நினைவுக் கிணறு, லக்னோ ரெசிடென்சி, டெல்லி காஷ்மீரி கேட் எல்லாம் அந்த யாத்திரையின் தலங்கள். போர்ன் எடுத்த கான்பூர் கிணற்றுப் படம் நன்றாக விற்றது.

போர்னுக்கு முன்பே இங்கே வந்தவர் பெலிச்சே பியாட்டோ. கிரிமியாப் போரைப் படமெடுத்துவிட்டு 1858இல் இந்தியா வந்தவர். குண்டு துளைத்த மதில்கள், சிதைந்த வாசல்கள் என்று தோற்ற நகரத்தை வரிசையாக எடுத்தார். லக்னோவில் சிக்கந்தர் பாக் கட்டடத்தின் முன்னால் எலும்புகள் சிதறிக் கிடக்கும் அவருடைய படம் உலகப் பிரசித்தம். புதைத்த எலும்புகளைப் படத்துக்காகவே வெளியே எடுத்தார்கள் என்று அந்தக் காலத்து ஆங்கில அதிகாரி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். ராபர்ட் டைட்லர், ஹேரியட் டைட்லர் என்ற ராணுவத் தம்பதியும் அதே வருடம் டெல்லியைப் படமெடுத்தார்கள். சிறையில் சாய்ந்து படுத்திருக்கும் பகதூர் ஷாவின் புகழ்பெற்ற படத்தை ராபர்ட் டைட்லரும், பின்னாளில் போர்னின் பங்காளியான அதே சார்லஸ் ஷெப்பர்டும் சேர்ந்து எடுத்ததாகச் சொல்வார்கள்.

பியாட்டோவின் டெல்லியில் போர் தெரிகிறது. ஆறேழு வருடம் கழித்து வந்த போர்னின் டெல்லியில் அது துடைத்தெடுக்கப்பட்டிருக்கிறது. அமைதி, மரநிழல், அழகிய இடிபாடு. இரண்டில் எது அதிகம் பொய் சொல்கிறது என்று கேட்டால் போர்னுடையது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பியாட்டோவுக்குக் காட்டுவதற்கு ஒரு வெற்றி இருந்தது, அதைக் காட்டினார். போர்ன் அந்த வெற்றியை இயற்கையாகவே ஆக்கிவிட்டார்.

அவர் அப்பாவி இல்லை என்பதற்கு அவர் எழுத்தே சாட்சி. இங்கிலாந்தில் வெளியான 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபி' இதழுக்கு இந்தியாவிலிருந்து பயணக் கட்டுரைகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். சுவாரஸ்யமான எழுத்து. தங்களை ஜெயித்தவர்களிடம் பீரங்கியைத் தவிர வேறு கருவிகளும் உண்டு என்பதை மூன்று காலும் பித்தளை வாயும் கொண்ட கேமரா இந்நாட்டு மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்ற பொருளில் 1863லேயே எழுதினார்.

அதே கட்டுரைகளில்தான் சுமைக்காரர்களும் வருகிறார்கள். 1863இல் சிம்லாவிலிருந்து கிளம்பிய முதல் இமயமலைப் பயணத்தில் சுமார் 30 கூலிகள். கண்ணாடித் தகடுகள், அமிலக் குப்பிகள், கூடாரம், கேமராக்கள், துரையின் சாப்பாடு, பிராந்தி எல்லாம் அவர்கள் முதுகில். அந்தப் பயணத்தில் 147 நெகட்டிவ்கள் தேறின. 1866இல் மணிரங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் எடுத்த படங்கள், அத்தனை உயரத்தில் யாரும் எடுத்திராத படங்கள் என்ற பெருமையைப் பல வருடம் வைத்திருந்தன. பனியில் சுமையோடு ஏறியவர்களின் பெயர் ஒன்றுகூட அந்தப் பெருமையோடு ஒட்டவில்லை. மலைக் கிராமங்களில் இவர்கள் விரும்பி வந்த வேலையாட்களும் இல்லை. அதிகாரியின் உத்தரவைக் காட்டி ஊரிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள். பேகார் என்று அதற்குப் பெயர். ஒருமுறை சுமையை வழியிலேயே போட்டுவிட்டு ஓடி ஒளிந்துகொண்டார்கள். தடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி அடித்து இழுத்து வந்ததை போர்ன் வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறார். பத்திரிகையும் வெட்கமில்லாமல் போட்டிருக்கிறது.

ஆனாலும் அவர் படங்களைத் தூக்கி எறிய முடியாது. ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் கதையே போதும். நான்கு சதுரமாக வகுத்து, நடுவே நீர்வாய்க்கால் ஓடும் பாரசீகத் தோட்டமாக அது பதினாறாம் நூற்றாண்டில் போடப்பட்டது. முகலாய அரசு தேய்ந்தபோது உள்ளே குடியேறியவர்கள் காய்கறி பயிரிட்டார்கள். கலகத்துக்குப் பிறகு, 1860இல், பிரிட்டிஷார் அதை ஆங்கிலப் பாணிக்கு மாற்றினார்கள். நடைபாதைகள் சந்திக்கும் இடத்திலிருந்த சதுரக் குளங்கள் வட்டமான பூப்பாத்திகள் ஆயின. மரங்கள் நெருக்கி நடப்பட்டன. போர்ன் கண்ட தோட்டம் இந்தத் தோட்டம். கர்சன் பிரபுவின் உத்தரவின்படி, 1903 முதல் 1909 வரை, வாய்க்கால்களை மீண்டும் கொண்டுவந்தார்கள். 1993இல் யுனெஸ்கோ கல்லறையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆகா கான் அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து 2003இல் தோட்டத்தில் தண்ணீரை ஓட விட்டார்கள். அடுத்த கட்டமாகக் கல்லறையையே சீர்செய்தபோது, இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் கொட்டியிருந்த சிமென்ட் காங்கிரீட்டில் மட்டும் பத்து லட்சம் கிலோவைச் சுரண்டி எடுத்தார்களாம். எது பழையது, எது இடைச்செருகல் என்று பிரித்தறிய இப்படிப்பட்ட வேலைகளில் பழைய போட்டோக்கள் சாட்சி சொல்கின்றன. எடுத்தவரின் நோக்கம் என்னவாயிருந்தாலும் கேமரா ஓட்டையையும் விரிசலையும் சேர்த்தே பதிவுசெய்துவிடுகிறது.

சஃப்தர்ஜங் கல்லறை பற்றி ஒன்று சொல்லலாம். அதைக் கட்டியபோது பளிங்கு போதாமல், நிஜாமுதீன் பக்கத்திலுள்ள கவிஞர் அப்துல் ரஹீம் கான் இ கானான் கல்லறையிலிருந்து உரித்து எடுத்தார்கள். லோதி ரோட்டின் கிழக்கு முனையில் உரித்தது மேற்கு முனையில் ஒட்டியிருக்கிறது. இடிபாடுகள் எல்லாமே காலம் செய்தவை அல்ல.

இனி சாலையின் நடுப்பகுதி. சையது, லோதி அரசர்களின் கல்லறைகள் நிற்கும் அந்த நிலத்தில் அப்போது கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. மாடங்களின் நிழலில் வீடுகள், மாடுகள், அடுப்புப் புகை. புதுடெல்லி எழும்பிய பிறகு, அந்தக் கிராமத்தை அப்புறப்படுத்திவிட்டு, வைஸ்ராய் மனைவியின் பெயரில் 1936இல் லேடி வில்லிங்டன் பார்க் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது லோதி கார்டன் ஆயிற்று. 1968இல் ஜோசப் ஸ்டெயினும் காரெட் எக்போவும் திருத்தி அமைத்தார்கள். புல்வெளி, தனித்த மரங்கள், நடுவே ஆள் குடியிருக்காத மாடம். போர்னின் ஒரு பிரிண்டுக்குள் நடந்துபோவது போலத்தான் இருக்கிறது. போர்னைப் பார்த்து வில்லிங்டன் தம்பதி இதைச் செய்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரசனை ஒன்றுதான். கேமரா சட்டத்துக்கு வெளியே தள்ளியதை எழுபது வருடம் கழித்து மண்வெட்டியும் வெளியே தள்ளியது. காலையில் அங்கே வாக்கிங் போகிறவர்கள் அந்தத் தோட்டத்தின் அழகை ரசிப்பதில் தப்பில்லை. அது இயற்கையாக அமைந்த அழகு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கட்டடப் படம் என்றாலே இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? தஞ்சாவூரைப் பார்க்கலாம். போர்னுக்குப் பத்து வருடம் முன்னால் அங்கே போனவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். மெட்ராஸ் ராணுவத்தைச் சேர்ந்தவர், 1856 முதல் மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபர். கண்ணாடிக்குப் பதில் மெழுகு தடவிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார். அது காயும் கவலை இல்லாதது. 1857இன் கடைசியில் மாட்டு வண்டிகளில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவரும் அழகு தேடியவர்தான். வெற்று வானம் பிடிக்காமல், நெகட்டிவ்மேல் தூரிகையால் மேகம் வரைந்தவர். ஆனால் பெரிய கோயிலில் அவர் வேறொன்றும் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக 21 படங்கள் எடுத்து, ஒட்டி, 19 அடி நீளச் சுருளாக்கினார். அதில் மரமும் நிழலும் கிடையாது, எழுத்துதான். தஞ்சைக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஸ் அச்சிடத் தொடங்கியது 1891இல். அதற்கு முப்பது வருடத்துக்கு முந்தைய வேலை இது. டிரைப்பும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் ஆள்தான், கணக்கெடுக்க வந்தவர்தான். என்றாலும் போர்னின் அழகான கோபுரங்களைவிட டிரைப்பின் அந்த அலங்காரமற்ற சுருள் நமக்கு அதிகம் பயன்படுகிறது. பிறகு வந்த கவர்னர் டிரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்தப் பிரிவையே மூடிவிட்டார். டிரைப்பின் போட்டோ வாழ்க்கை ஏறக்குறைய அதோடு சரி.

இந்தியர்கள் யாரும் இல்லையா என்றால், இருந்தார்கள். மீரட் பக்கத்து சர்தானாவில் 1844இல் பிறந்த லாலா தீன் தயாள், ரூர்க்கியில் இன்ஜினியரிங் படித்து, இந்தூரில் அரசு வேலையில் இருந்தபோது கேமராவைத் தொட்டவர். பிறகு ஹைதராபாத் நிஜாமின் ஆஸ்தான போட்டோகிராபர். நிஜாம் கொடுத்த பட்டத்தால் ராஜா தீன் தயாள். கட்டடத்தை எங்கிருந்து பார்ப்பது என்பதில் அவரும் போர்ன் பள்ளிதான். ஆனால் அவர் படங்களில் மனிதர்கள் அதிகம், அவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அவருடைய கண்ணாடி நெகட்டிவ்கள் 2,857ஐ, லோதி ரோட்டிலிருந்து அதிகத் தூரமில்லாத ஜன்பத்தில் இருக்கும் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் வாங்கிப் பாதுகாத்து வருகிறது.

போர்னின் நெகட்டிவ்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் போன பிறகும் போர்ன் அண்ட் ஷெப்பர்டின் கல்கத்தா ஸ்டூடியோ அதே பெயரில் ஒன்றரை நூற்றாண்டு ஓடியது. 1991 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பெரும் பகுதி சேமிப்பு சாம்பலானது. 2016 ஜூனில் கடையே மூடப்பட்டது. ஆனால் ஆல்பங்களாக உலகம் முழுக்கச் சிதறிய பிரிண்டுகள் தப்பின. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் நிறைய இருக்கின்றன; டெல்லியில் அல்காசி பவுண்டேஷனிடமும் உண்டு. எந்த ஆல்பத்தில் எந்தப் படம் கிடைத்தாலும் அது போர்னுடையதா, எந்தப் பயணத்தில் எடுத்தது என்று ஆய்வாளர்களால் பெரும்பாலும் சொல்ல முடிகிறது. காரணம் சாதாரணமானது. ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் தன் பெயரையும் ஒரு நம்பரையும் போர்ன் கீறிவைத்தார். கேட்டலாக்கில் அந்த நம்பரைத் தேடினால் ஊர் தெரியும்.

நம் ஊர்களில் மூடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டூடியோக்களிலும் வீட்டுப் பரண்களிலும் கோயில், தேர், தெப்பக்குளம், கடைத்தெரு என்று எடுத்த படங்கள் இன்னும் கிடக்கின்றன. கூட்டமும் தெருவுமாக, போர்ன் வேண்டாம் என்று ஒதுக்கிய எல்லாம் அவற்றில் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் லாமினேட் செய்யாதீர்கள். நிற்பவர்கள் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும், பென்சில் போதும்.